பால் குடிக்கக் கற்றுத் தரும் தாலாட்டு

"ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைத்தாலும் பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இது வெறும் நம்பிக்கைதான். உண்மை இதற்கு நேர்மாறானது. தாயின் வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தாலும் குழந்தைக்கு அது லாபமே. ஏழு மாதத்தில் பிறந்த குழந்தையைவிட எட்டு மாதத்தில் பிறந்த குழந்தை பிழைப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனாலும், பிழைக்க வந்த ஊரில் நாள் குறைந்து ஒரு குழந்தை பிறந்துவிட்டால், முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாட்டி சொல்தான். வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இப்படி ஒரு நிலையை நினைத்துப் பாருங்கள். மும்பையில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய் வீடு போவதாக ஏற்பாடு. ரயிலுக்கு டிக்கெட் கூட எடுத்தாகிவிட்டது. ரயில் ஏறுவதற்குள் வலி வந்துவிட்டது. பிறந்த குழந்தையின் எடை ஒன்றரைக் கிலோ. பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூக்கில் ஒரு குழாய். காலில் ஒரு கம்பி. பக்கத்தில் "பீப், பீப்" என்று சத்தமிடும் கருவிகள். நர்ஸ் மராத்தியில் ஏதோ சொல்கிறார். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. அம்மா பக்கத்தில் இல்லை. மாமியார் ஊரில் இருக்கிறார். பெற்றவள் கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள்.

"நான் என்ன செய்ய முடியும்?" என்பதுதான் அவளுடைய கேள்வி.

அவளால் செய்யக் கூடியவை மூன்று உண்டு. தன் பாலைக் கறந்து கொடுக்கலாம். டாக்டர் அனுமதித்ததும் குழந்தையை மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாவது அவ்வளவாகத் தெரியாது.

அவள் பாடலாம்.

பொழுது போவதற்காக அல்ல. குறைமாதக் குழந்தை அமைதி அடையவும், நன்றாக உறங்கவும், பால் குடிக்கப் பழகவும் மெல்லிய பாட்டு உதவக் கூடும் என்று டாக்டர்களும் இசை மருத்துவர்களும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குறைமாதம் என்பது எது?

குழந்தை வயிற்றில் இருக்க வேண்டிய காலம் 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தால் அது குறைமாதக் குழந்தை.

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று! இவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பிறந்தது நம் இந்தியாவில்.

ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டு விஷயம் அல்ல. நம் தெருவில், நம் சாலில், நம் ஆபீசில் வேலை பார்ப்பவர் வீட்டில் நடப்பதுதான்.

பால் குடிப்பது சுலபமா?

மாதம் நிறைந்து பிறந்த குழந்தை, மார்பில் போட்டதும் தானாகவே பால் குடிக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, பால் குடிப்பது மிகச் சுலபமான வேலை என்று நாம் நினைத்துவிட்டோம்.

உண்மையில் அது மூன்று வேலை. முதலில் சப்ப வேண்டும். பிறகு விழுங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூச்சு விட வேண்டும். மூன்றும் ஒரு தாளத்தில் நடக்க வேண்டும். தாளம் தப்பினால் புரை ஏறிவிடும். பால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

இந்தத் தாளம் குழந்தைக்குக் கூடி வருவது வயிற்றில் 34-வது வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட குழந்தை என்ன செய்யும்? சப்பத் தெரிந்தால் விழுங்கத் தெரியாது. விழுங்கினால் மூச்சு விட மறந்துபோகும். நாலு வாய் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடும்.

அதனால்தான் மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளுக்கு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ இரைப்பைக்கு மெல்லிய குழாய் செலுத்தி, தாய்ப் பாலை அதன் வழியே விடுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லி மட்டுமே கூட இருக்கும்.

32 வாரத்தை ஒட்டி, நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பாலாடையால் புகட்ட ஆரம்பிக்கிறார்கள். ஆம், நம் வீட்டில் பாட்டி சங்கில் புகட்டுவாரே, அதே பாலாடைதான்! குறைமாதக் குழந்தைகளின் வார்டில் அதற்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு. கடைசியாகத்தான் மார்பில் நேராகக் குடிக்கும் பக்குவம் வருகிறது.

குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் டாக்டர்கள் பார்ப்பது என்ன? உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறதா, மூச்சை மறக்காமல் விடுகிறதா, குழாய் இல்லாமல் தேவையான பாலைக் குடிக்கிறதா, எடை கூடுகிறதா என்பவைதான். இவற்றில் பால் குடிப்பதுதான் பல குழந்தைகளுக்குக் கடைசிப் பரீட்சை. அது தேறும் வரை தாய் வார்டில்; தகப்பன் வராந்தாவில். தினக்கூலி வாங்குகிறவருக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு அது தீர்ந்துபோகும் லீவு. குழந்தை ஒரு வாரம் முன்னதாகப் பால் குடிக்கக் கற்றுக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

கருவிலேயே கேட்கும் காது

இதில் பாட்டு எங்கே வந்தது?

கண்ணுக்கு முன்பே காது வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. ஏறத்தாழ 25 வாரத்திலிருந்து கருவில் உள்ள குழந்தைக்கு ஓசை கேட்கத் தொடங்குகிறது. தாயின் இதயத் துடிப்பு, ரத்தம் ஓடும் இரைச்சல், வயிற்றின் உருட்டல்: இவைதான் அது கேட்கும் பக்க வாத்தியம். அவற்றுக்கு மேலே தெளிவாக வருவது தாயின் குரல்.

1980-ம் ஆண்டில் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விந்தையான சோதனையை வெளியிட்டார்கள். பிறந்து மூன்று நாள் கூட ஆகாத குழந்தைகள். வாயில் ஒரு ரப்பர் நிப்பிள். பால் வராது. ஆனால் குழந்தை ஒரு விதமாகச் சப்பினால் அதன் தாய் பேசுவது கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண் பேசுவது கேட்கும்.

குழந்தைகள் என்ன செய்தன தெரியுமா? தாயின் குரல் வரும்படியாகச் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டன!

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பிறந்த குழந்தைக்குத் தன் தாயின் குரல் அடையாளம் தெரிகிறது. அந்தக் குரலைக் கேட்பதற்காக அது உழைக்கவும் தயாராக இருக்கிறது.

இப்போது குறைமாதக் குழந்தையின் நிலையைப் பாருங்கள். வயிற்றில் இருந்திருந்தால் இந்த வாரங்களில் அது கேட்டிருக்க வேண்டியது தாயின் குரல். பெட்டிக்குள் அது கேட்பதோ கருவிகளின் கூச்சலும், கதவு மூடும் சத்தமும், யாரோ பேசும் பேச்சும்தான். குறைமாதக் குழந்தைகள் வார்டில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டுவது கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1997-ம் ஆண்டிலேயே எச்சரித்தது. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் அளவுக்கு வரும். திடீர்ச் சத்தம் கேட்டால் இந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பு தடுமாறும். ரத்தத்தில் பிராணவாயு குறையும்.

வேண்டாத சத்தம் அதிகம். வேண்டிய குரல் இல்லை. இந்தக் குறையைப் போக்க முடியுமா என்று யோசித்தபோது பிறந்ததுதான் குறைமாதக் குழந்தைகளுக்கான இசை மருத்துவம்.

சப்பினால் பாட்டு வரும்!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜெய்ன் ஸ்டேன்லி ஒரு கருவியை உருவாக்கினார். பார்ப்பதற்குச் சாதாரண ரப்பர் நிப்பிள்தான். அதில் ஒரு உணர் கருவி பொருத்தப்பட்டிருக்கும். குழந்தை சரியாகச் சப்பினால் பெண் குரலில் ஒரு தாலாட்டு சில விநாடிகள் கேட்கும். சப்புவதை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். மறுபடி பாட்டு வேண்டுமா? மறுபடி சப்ப வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மிட்டாய் காட்டி எழுத வைப்பது போலத்தான்! இந்த மாணவனுக்கு மிட்டாய் தர முடியாது. பாட்டுதான் மிட்டாய்.

பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு இந்தப் பயிற்சி கொடுத்தபோது, அந்த வேளையில் குழந்தைகள் பால் குடிக்கும் வேகம் கூடியிருந்தது என்று 2003-ம் ஆண்டில் அவர் எழுதினார்.

பிறகு நாஷ்வில் நகரத்து வேண்டர்பில்ட் பல்கலைக்கழக டாக்டர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். யாரோ ஒரு பாடகியின் குரல் எதற்கு? தாயின் குரலையே பதிவு செய்தால் என்ன?

94 குறைமாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். 34 முதல் 36 வாரப் பருவம். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு நாளுக்கு 15 நிமிடம், ஐந்து நாள், தாயின் தாலாட்டு வரும் நிப்பிள். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

2014-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. தாயின் பாட்டைக் கேட்டுச் சப்பிய குழந்தைகள் நிமிடத்துக்கு 2 மில்லி பால் குடித்தன. மற்றவை குடித்தது 0.9 மில்லி. வாய் வழியாகக் குடித்த வேளைகள் நாளுக்கு ஆறரை, மற்றவற்றுக்கு நான்கு. குழாயே வேண்டாம் என்ற நிலையை எட்டச் சராசரியாக 31 நாள் ஆயிற்று; மற்றவற்றுக்கு 38 நாள்.

ஏழு நாள் வித்தியாசம்!

ஆனால் அந்த ஐந்து நாளில் எடை கூடியதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் குறைந்தாற்போலத் தெரிந்தாலும், அது பாட்டினால்தான் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதையும் அந்த டாக்டர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சொந்தப் பாட்டுக்குச் சக்தி அதிகம்

கருவியே இல்லாமல் நேரில் பாடினால் என்ன ஆகும்?

இதைப் பார்த்தவர் நியூயார்க்கில் இசை மருத்துவராகப் பணியாற்றிய ஜோஅன் லோவி. 11 ஆஸ்பத்திரிகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் அவர் தலைமையில் நடந்த ஆய்வு 2013-ம் ஆண்டில் வெளியானது. இவை மூச்சுத் திணறல், நோய்த் தொற்று, வளர்ச்சிக் குறைவு போன்ற தொல்லைகள் உள்ள குழந்தைகள்.

மூன்று விதமான ஓசைகளைக் குழந்தையின் மூச்சுக்கும் துடிப்புக்கும் ஏற்றபடி நேரில் இசைத்துக் காட்டினார்கள். ஒன்று, கருப்பைக்குள் கேட்கும் "உஸ்ஸ்" என்ற இரைச்சலைப் போன்றது. இன்னொன்று, மரப்பெட்டியை விரலால் தட்டி எழுப்பும் இதயத் துடிப்பு ஓசை. மூன்றாவது, பெற்றோர் தாங்களே தேர்ந்தெடுத்த பாட்டு.

அந்தப் பாட்டு தாலாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமான எந்தப் பாட்டாகவும் இருக்கலாம். அதைத் தாலாட்டு மாதிரி மெதுவாக, மென்மையாகப் பாடுவார்கள்.

பாட்டு நடந்த நேரத்தில் குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானமடைந்தது. கருப்பை ஓசை உறக்கத்தில் மாற்றம் தந்தது. பெற்றோர் விரும்பிய பாட்டைக் கேட்ட குழந்தைகள் நன்றாகச் சப்பின; உட்கொண்ட சத்தின் அளவும் கூடியது. இன்னொன்றும் நடந்தது. பெற்றோரின் மனக் கலக்கம் குறைந்தது.

பெற்றோரின் மனம் தெளிவது சின்ன விஷயம் அல்ல. கவலையும் களைப்பும் பால் சுரந்து இறங்குவதைத் தடுக்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரிந்ததுதான். இஸ்ரேலில் 86 தாய்-சேய்களிடம் நடத்திய ஓர் ஆய்விலும், குழந்தையை மார்போடு அணைத்தபடி தாய் பாடியபோது அவளுடைய பதற்றம் தணிந்தது தெரியவந்தது.

உள்ளதை உள்ளபடி

இவ்வளவையும் படித்துவிட்டு, "பாட்டுப் பாடினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

2023-ம் ஆண்டில், உலகம் முழுவதும் நடந்த 25 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,532 குழந்தைகள். பாட்டினால் இதயத் துடிப்பு அமைதி அடைகிறது என்பது தெரிந்தது. ஆனால் ரத்தத்தில் பிராணவாயு கூடுவதாகத் தெரியவில்லை. குழந்தையின் பிற்கால வளர்ச்சிக்கு உதவுகிறது என்று சொல்லவும் போதிய சான்று கிடைக்கவில்லை.

நார்வே ஆய்வாளர்கள் ஐந்து நாடுகளில் 213 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், இசை மருத்துவத்தால் தாய்-சேய் பிணைப்பு கூடுதலாக வலுப்படவில்லை என்ற முடிவுதான் 2022-ம் ஆண்டில் வெளியானது. பாட்டு இல்லாமலேயே பெரும்பாலான தாய்மாருக்குப் பிணைப்பு நன்றாகத்தான் இருந்தது!

ஆக, பாட்டு பாலுக்கு மாற்று அல்ல. மருந்துக்கு மாற்று அல்ல. சூட்டுக்கும் சுத்தத்துக்கும் மாற்று அல்ல. இவை எல்லாம் சரியாக நடக்கும்போது கூடவே நின்று கை கொடுக்கும் உதவி, அவ்வளவுதான். முறையாகப் பாடினால் கெடுதல் இல்லை. காசு செலவும் இல்லை.

நம் நாட்டில்

அமெரிக்காவில் உள்ள பாட்டு நிப்பிள் நம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ரப்பர் நிப்பிளை நம் டாக்டர்கள் பெரும்பாலும் விரும்புவதும் இல்லை. தாய் மார்பை மறந்து ரப்பருக்குப் பழகிவிடும், சுத்தமாக வைத்திருப்பதும் கடினம் என்பது காரணம். கடையில் வாங்கி வந்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

அதற்குப் பதில் இங்கே ஒரு வழி உண்டு. பாலைக் கறந்து எடுத்த பிறகு, வெறும் மார்பில் குழந்தையைச் சப்பப் பழக்குகிறார்கள். பால் வேகமாக வந்து புரை ஏறும் பயம் இல்லை. சப்பும் பழக்கமும் வந்துவிடும். அந்த நேரத்தில் தாய் மெல்லப் பாடினால்? நிப்பிளும் அவளே, பாட்டும் அவளே!

குழந்தையை வெற்று மார்பில் அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1978-ம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரேயால் தொடங்கப்பட்டது. பெட்டிகள் போதாத ஆஸ்பத்திரியில், வேறு வழி இல்லாமல் தொடங்கியது அது. அதன் மதிப்பை உலகம் உணர நம் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் காரணம். இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அந்த ஆஸ்பத்திரி பங்கு பெற்றது. பிறந்தவுடனேயே கங்காரு முறையைத் தொடங்கியபோது, பிறந்த 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு 12. உடல் நிலை தேறும் வரை காத்திருந்து தொடங்கியபோது நூற்றுக்கு 15.7. இது 2021-ம் ஆண்டில் வெளியான முடிவு.

பாலுக்கும் வழி உண்டு. மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ம் ஆண்டில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் தாய்ப் பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் தாய்ப் பால் வங்கி அதுதான். தாராவித் தமிழர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஆஸ்பத்திரி!

அணைப்பு இருக்கிறது, பால் இருக்கிறது. குரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

எப்படிப் பாடுவது?

முதலில் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளும், நிலைமை மோசமாக உள்ள குழந்தைகளும் சின்ன ஓசையைக் கூடத் தாங்க மாட்டார்கள். அவர்கள் "சரி" என்று சொன்ன பிறகே பாடத் தொடங்க வேண்டும். பாஷை தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துச் சென்று கேளுங்கள். இது கேட்கக் கூடாத கேள்வி அல்ல.

நாம் பேசும் குரலைவிடச் சன்னமாகப் பாடுங்கள். வார்த்தை மறந்துபோனால் "ம்ம்ம்" என்று முனகினாலும் போதும்.

ஒரே பாட்டு, ஒரே ராகம், நிதானமான நடை. தொட்டில் ஆடும் வேகம்தான் கணக்கு. துள்ளல் பாட்டு வேண்டாம். திடீரென்று குரலை உயர்த்த வேண்டாம்.

சில நிமிடங்கள் போதும். முதல் நாளே நீண்ட நேரம் பாட வேண்டாம். குழந்தை ஆழ்ந்து தூங்கும்போது பாடி எழுப்ப வேண்டாம். பால் நேரத்துக்குச் சற்று முன், அது கண் விழித்து அமைதியாக இருக்கும் பொழுது நல்ல பொழுது.

பாடும்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள். விரல்களை விரித்து விறைக்கிறதா, விக்கல் எடுக்கிறதா, முகத்தைச் சுளித்துத் திருப்புகிறதா, நிறம் மாறுகிறதா? "போதும்" என்று அது சொல்கிறது. உடனே நிறுத்திவிடுங்கள். நிறம் மாறினால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பால் வாயில் இருக்கும்போது குழந்தைக்கு மூன்று வேலை இருக்கிறது. பழக்கம் ஆகும் வரை அப்போது நான்காவது வேலை கொடுக்க வேண்டாம். முன்பு பாடுங்கள், பிறகு பாடுங்கள்.

செல்போனில் பாட்டைப் போட்டுக் குழந்தையின் காதருகே வைக்கவே கூடாது. சத்தமும் அதிகம், போனில் உள்ள கிருமிகளும் ஆபத்து. பதிவு செய்த பாட்டைவிட நேரில் பாடும் பாட்டே உயர்ந்தது. 2006-ம் ஆண்டில் இஸ்ரேலில் 31 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, நேரில் கேட்ட இசைக்குத்தான் இதயத் துடிப்பு தணிந்து உறக்கம் ஆழ்ந்தது. பதிவு செய்த இசைக்கு அந்தப் பலன் தெரியவில்லை. காரணம் எளிது. குழந்தை மூச்சு வாங்கினால் தாய் பாட்டை நிறுத்துவாள். போன் நிறுத்தாது.

எந்த மொழியில் பாடுவது?

மராத்தி பேசும் வார்டில், இந்தி பேசும் வார்டில், நாலு பேர் பார்க்கத் தமிழில் பாட நம் பெண்களுக்குக் கூச்சம். "அவர்கள் சிரிப்பார்களோ" என்ற தயக்கம்.

1993-ம் ஆண்டில் வெளியான இன்னொரு சோதனையைக் கேளுங்கள். பிறந்து இரண்டே நாளான குழந்தைகள். சிலருடைய தாய் ஆங்கிலம் பேசுபவர். சிலருடைய தாய் ஸ்பானிய மொழி பேசுபவர். இரண்டு மொழிகளையும் முன்பின் தெரியாத பெண்களின் குரலில் கேட்க வைத்தார்கள். குழந்தைகள் தங்கள் தாய்மொழியைக் கேட்கவே அதிக நேரம் சப்பின.

மாதம் நிறைந்த குழந்தைகளிடம் நடந்த சோதனை அது. ஆனால் கருவிலேயே மொழியின் ஓசை காதில் விழுந்து பழகிவிடுகிறது என்பதற்கு அது சாட்சி. உங்கள் குழந்தை வயிற்றில் இருந்து கேட்டது எந்த மொழி? நீங்கள் வீட்டில் பேசிய தமிழ்தான். அந்த வார்டிலேயே அதற்குத் தெரிந்த ஒரே ஓசை உங்கள் குரல். அதை ஏன் அதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும்?

குரல் இனிமையாக இல்லையே என்று தயங்க வேண்டாம். குழந்தைக்குக் கச்சேரி வேண்டாம், அம்மா வேண்டும். அப்பாவும் பாடலாம். கட்டைக் குரலானாலும் சன்னமாகப் பாடினால் சரி.

"எனக்குத் தாலாட்டே தெரியாதே" என்று சொல்லும் இளம் தாய்மார்கள் இப்போது அதிகம். பிழைப்பைத் தேடி ஊர் மாறியபோது பாத்திரம் பண்டத்தைக் கொண்டு வந்தோம். பாட்டை விட்டுவிட்டு வந்தோம். மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று உறவுகளை எல்லாம் வரிசையாக அழைக்கும் நம் தாலாட்டு, ஊரில் கிழவிகளின் வாயில்தான் மிச்சம் இருக்கிறது.

அதற்கும் வழி உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ஊருக்குப் போன் போடுங்கள். அம்மாவையோ பாட்டியையோ பாடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளே போய் உங்கள் குரலில் பாடுங்கள்.

எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று சொன்ன பாட்டியும் அவர்தான். நூறு தாலாட்டு தெரிந்த பாட்டியும் அவர்தான். அவர் சொன்ன பயத்தை விட்டுவிடுங்கள். பாட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.